8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு என்ன புத்தகம் கொடுப்பது? திருகோணமலைப் பெற்றோர் அடிக்கடி கேட்பவை

உப்புவெளிப் பக்கம் ஒரு சனசமூக நிலைய வாசிகசாலையில் ஞாயிறு காலையில் பிள்ளைகளின் அலுமாரியைப் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளைகள் உள்ளே புத்தகத்தைக் கிளறிக்கொண்டிருக்க, பெற்றோர் வாசலில் நின்று என்னைக் கிளறுவார்கள். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை, அதனால் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். இங்கே பிள்ளை என்றால் தரம் 3 முதல் தரம் 7 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. என்ட மகன் புத்தகமே தொடுறானில்ல. எதில தொடங்கிறது?

அவனுக்கு எதில் பைத்தியம் என்று பாருங்கள். கிரிக்கெட்டா, பாம்பா, பேயா, சமையலா? அது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அதற்குப் பக்கத்தில் வரக்கூடிய மெல்லிய புத்தகங்களாக, 32 முதல் 48 பக்கம், படம் போட்டது, ஐந்தாறை எடுத்து மேசையில் பரப்பிவிட்டு நீங்கள் குசினிக்குப் போய்விடுங்கள். பக்கத்தில் நின்று "இதை எடு, இது நல்லது" என்று சொன்னால் அந்தப் புத்தகத்தின் கதை அதோடு முடிந்தது. அவன் எல்லாவற்றையும் வேண்டாம் என்று தள்ளினால் அடுத்த கிழமை வேறு ஐந்தாறு.

இந்தக் கட்டத்தில் நல்ல புத்தகத்துக்கு என்னிடம் ஒரே அளவுதான் இருக்கிறது. வாசித்து முடித்த பிள்ளை "இதே மாதிரி இன்னொண்டு இருக்கா?" என்று கேட்க வேண்டும். பரிசு வாங்கிய புத்தகம், பெரிய எழுத்தாளர் எழுதியது, உங்கள் சின்ன வயதில் உங்களைக் கவர்ந்தது, இதெல்லாம் அதற்குப் பிறகு பார்க்கலாம்.

2. வயசுக்கு ஏத்தது எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? அட்டையில ஒண்டும் போடுறாங்கள் இல்லையே.

போட்டிருந்தாலும் அது பதிப்பாளரின் ஊகம்தான். ஒரே வகுப்பில் இருக்கும் இரண்டு பிள்ளைகளின் வாசிப்பில் மூன்று நான்கு வருட வித்தியாசம்கூட இருக்கலாம். எனவே புத்தகத்தை நடுவில் திறந்து ஒரு பக்கத்தைப் பிள்ளையையே வாசிக்கச் சொல்லுங்கள், விளங்காத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். ஒன்றிரண்டு விரல் மடங்கினால் எடுக்கலாம். ஐந்தும் மடங்கிவிட்டால் இப்போதைக்கு அது நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டிய புத்தகம், தனியாக வாசிக்கக் கொடுக்க வேண்டியது அல்ல. முதல் பக்கத்தை நம்ப வேண்டாம், முதல் பக்கத்தை எல்லோரும் கவனமாகத்தான் எழுதுவார்கள்.

நான் பார்க்கும் வேறு விஷயங்கள்: எழுத்து பெரிதாக இருக்கிறதா, வரிகளுக்கு இடையில் வெளி இருக்கிறதா, பந்திகள் அரைப் பக்கத்துக்கு நீளுகிறதா, ஆட்கள் கதைக்கிறார்களா. உரையாடல் நிறைந்த பக்கம் ஓடிவிடும். வர்ணனையாகவே போகும் பக்கத்தில் 9 வயதுப் பிள்ளை படுத்துவிடும். தமிழில் குட்டிப் படக்கதைகளும் இருக்கின்றன, பெரியவர்களின் தடித்த நாவல்களும் இருக்கின்றன, நடுவில் 60 முதல் 120 பக்கத்தில் வரவேண்டியவைதான் குறைவு. ஆகவே தேடுகிறபோது அந்த நடுத்தட்டைத் தேடுங்கள். கொஞ்ச வருடங்களாக முன்னையைவிடக் கூடுதலாகவே வருகின்றன.

3. புலமைப்பரிசில் வருது மிஸ். இப்ப கதைப்புத்தகம் குடுத்தா படிப்பு கெடாதா?

தரம் 5 பிள்ளையின் நாள் எனக்குத் தெரியும். பாடசாலை, பின்னேரம் ரியூசன், இரவு மாதிரி வினாத்தாள். அதற்குள் 200 பக்க நாவலைத் திணிக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பரீட்சையிலேயே ஒரு பந்தியைக் கொடுத்து அதை விளங்கித்தான் விடை எழுதச் சொல்கிறார்கள். பந்தியை வேகமாக வாசித்து விளங்கும் பழக்கம் மாதிரி வினாத்தாளால் மட்டும் வராது. கீத் ஸ்டனோவிச் என்ற உளவியலாளர் 1986இல் எழுதிய ஒரு கட்டுரை இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. வாசிக்கிற பிள்ளைக்குச் சொல் பெருகும், சொல் பெருகினால் வாசிப்பு லேசாகும், லேசானால் இன்னும் வாசிக்கும். வாசிக்காத பிள்ளைக்கு இதே சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும், வகுப்பு ஏற ஏற இடைவெளியும் கூடும்.

அதனால் பரீட்சை வருடத்தில் சிறுகதைத் தொகுப்பாக எடுங்கள். ஒரு கதை ஒரு இருப்பில் முடிய வேண்டும், படுக்கப் போகுமுன் 15 நிமிடம் போதும். நீளமானவற்றைப் பரீட்சை முடிந்த மறுநாள் தொடங்கலாம். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: கதையை வாசித்தபின் "கடினமான சொல் பத்து எழுது, எதிர்ச்சொல் எழுது" என்று கொப்பியை நீட்டாதீர்கள். வினாத்தாள் போதாதென்று கதையும் வினாத்தாளாகிவிட்டால் பிறகு முதலாம் கேள்விக்குத்தான் திரும்பி வர வேண்டியிருக்கும்.

4. காமிக்ஸ் வாசிச்சா அது வாசிப்பா?

வாசிப்புத்தான். முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது, எங்கள் ஊரிலும் அதை ஒளித்து வைத்து வாசித்தவர்கள் இன்று பேரப்பிள்ளைக்குப் புத்தகம் தேடி வருகிறார்கள். ஒரு பக்கம் புரட்டிப் பாருங்கள், சில தொடர்கள் பெரியவர்களுக்கானவை, சூடும் இரத்தமும் கூட. அவ்வளவுதான்.

5. ஒரே புத்தகத்தையே திரும்பத் திரும்ப எடுக்கிறாள். பறிச்சு வேற ஒண்டு குடுக்கவா?

பறிக்காதீர்கள். முதல் தரம் கதை எங்கே போகிறது என்ற பதற்றத்தில் ஓடியிருப்பாள், இரண்டாம் மூன்றாம் தரம்தான் எழுத்தே கண்ணில் படும். தெரிந்த கதையில் தடுமாறாமல் வாசிப்பதால் வேகமும் வரும். வேறு புத்தகங்கள் கண்ணில் படும் இடத்தில் கிடக்கட்டும், தானாக நகர்ந்து போவாள்.

6. கடையில நீதிக்கதைதான் கூட. அது நல்லதுதானே? பிள்ளைக்கு நாலு நல்ல விசயம் தெரியட்டும்.

நீதிக்கதை எனக்குப் பகை இல்லை. கடைசிப் பந்தியில் "இதிலிருந்து நாம் அறிவது" என்று வருவதுதான் பகை. 10 வயதுப் பிள்ளைக்கு அது நன்றாகத் தெரியும், கதை தொடங்கும்போதே "இவன் பொய் சொல்லப் போறான், அடி வாங்கப் போறான்" என்று முடிவைச் சொல்லிவிடும். பிறகு எதற்கு வாசிக்க வேண்டும்? கடையில் நிற்கும்போது கடைசிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே கதை நின்று போய்ப் புத்திமதி தொடங்கியிருந்தால் வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, பளபளப்பான அட்டையோடு "உலகப் புகழ்பெற்ற கதைகள்" என்று வரும் மெல்லிய புத்தகங்கள். பெரிய நாவலை 16 பக்கத்துக்கு நறுக்கினால் சம்பவங்கள்தான் மிஞ்சும், ஆட்கள் செத்துப்போவார்கள். சுருக்கிய பதிப்பு எல்லாமே கூடாது என்று சொல்லவில்லை, சுருக்கியவரின் பெயரைத் தைரியமாக அட்டையிலோ உள்ளேயோ போட்டிருந்தால் ஓரளவு நம்பலாம். மொழிபெயர்ப்புக்கும் அதேதான், மொழிபெயர்த்தவர் பெயர் இருக்க வேண்டும். ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள், நாக்கு தடுக்கினால் பிள்ளைக்கும் தடுக்கும்.

7. இந்தியாப் புத்தகம் விலை கூட. எங்க எடுக்கிறது?

உண்மைதான், இந்திய விலையை எங்கள் ரூபாய்க்கு மாற்றினாலே மூன்று மடங்குக்கு மேல், அதன்மேல் கொண்டுவரும் செலவு. அதனால் முதலில் பொது நூலகத்தின் சிறுவர் பகுதி. அங்கத்துவத்துக்குப் பெரும்பாலும் ஒரு விண்ணப்பமும் பிணையாளி ஒருவரின் கையெழுத்தும் கேட்பார்கள், அதற்கு அலுத்துக்கொண்டே பாதிப் பேர் போவதில்லை. ஒரு காலைப் பொழுது வேலை, முடித்துவிடுங்கள். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம், அப்போது நூலகங்கள் பிள்ளைகளுக்கென்று ஏதாவது செய்யும், அந்த நேரம் கூட்டிக்கொண்டு போனால் பிள்ளைக்கும் கூச்சம் இருக்காது. கொழும்பில் செப்டம்பரில் வழக்கமாக நடக்கும் புத்தகக் கண்காட்சிக்குப் போகிற உறவினர் இருந்தால் பட்டியல் கொடுத்துவிடுங்கள்.

உள்ளூர்ப் பதிப்பு என்றால் விலை கையைக் கடிக்காது. பின்னட்டையில் இருக்கும் ஐஎஸ்பிஎன் இலக்கத்தைப் பாருங்கள். 978க்குப் பிறகு 955 அல்லது 624 வந்தால் இலங்கைப் பதிப்பு, 81 அல்லது 93 வந்தால் இந்தியப் பதிப்பு. கொடுக்க வசதி இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி, ஒரே ஒழுங்கையில் நாலு வீட்டார் ஆளுக்கொரு புத்தகம் வாங்கி மாதம் ஒருதரம் மாற்றிக்கொள்வது. சில ஒழுங்கைகளில் இது நன்றாகவே நடக்கிறது.

8. ஃபோனில வாசிச்சா என்ன?

பரவாயில்லை, ஆனால் உங்கள் ஃபோனில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது. பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் என்ற இணையத்தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம், நான்கு படிநிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். தரம் 4க்கு மேல் என்றால் மூன்றாம் நான்காம் படிநிலையைப் பாருங்கள், கீழே இருப்பவற்றைக் கொடுத்தால் "இது பேபிக் கதை" என்று திருப்பித் தந்துவிடுவார்கள். எங்கள் நாட்டுப் பழைய சிறுவர் நூல்களும் சஞ்சிகைகளும் நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் வருடிப் போடப்பட்டிருக்கின்றன, 2005 முதல் நடக்கும் வேலை அது. எழுத்து பொடி, ஃபோனில் கண் வலிக்கும். பிடித்த பக்கங்களை அச்செடுத்துக் கொடுங்கள்.

9. கதை எண்டா வேண்டாமாம். திமிங்கிலம், ரொக்கெட், டைனோசர்தான் வேணுமாம்.

அதைக் கொடுங்கள். கதை வாசித்தால்தான் வாசிப்பு என்று எவர் சொன்னார்? நீலத்திமிங்கிலம் நடமாடும் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிற பிள்ளை திமிங்கிலத்தைக் கேட்கிறது, அதைவிட நல்ல தொடக்கம் என்ன வேண்டும்.

ஆனால் அறிவியல் புத்தகத்தில் தவறு இருந்தால் பிள்ளை அதையே மனனம் செய்துவிடும், ஆகவே வாங்குமுன் சோதியுங்கள். எனக்கு இரண்டு குறுக்குவழி உண்டு. சூரிய மண்டலம் பற்றிய புத்தகம் என்றால் கோள்கள் எத்தனை என்று பார்ப்பேன். புளூட்டோவை 2006இல் குறுங்கோள் என்று வகைப்படுத்திவிட்டார்கள், இன்னும் ஒன்பது என்று போட்டிருந்தால் அது பழைய பதிப்பு அல்லது கவனமில்லாத பதிப்பு. விலங்குப் புத்தகம் என்றால் திமிங்கிலத்தை மீன் என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பேன். எழுதியிருந்தால் மிச்சப் பக்கங்களைப் பார்க்கும் வேலை மிச்சம்.

10. மகள் இங்கிலீஷ் மீடியம். ஃபேமஸ் ஃபைவ் எல்லாம் முடிச்சிட்டா, தமிழ்ப் புத்தகத்தைத் திரும்பியும் பாக்கிறா இல்ல.

ஆங்கிலத்தில் வாசிக்கட்டும், அதை நிறுத்தித் தமிழைப் பிடிக்க வைக்க முடியாது. எனிட் பிளைட்டன் அந்தத் தொடரில் மட்டும் 1942 முதல் 1963 வரை 21 புத்தகம் எழுதியிருக்கிறார். ஒன்று பிடித்தால் இன்னும் இருபது காத்திருக்கிறது. தமிழில் அப்படி ஒரே ஆட்களோடு நீளும் சிறுவர் தொடர் அருமை, பிள்ளை ஒவ்வொரு தடவையும் புது ஆட்களோடு தொடங்க வேண்டியிருக்கிறது. உங்கள் மகளின் பிரச்சினை பாதி அதுதான்.

மற்றப் பாதி, ஆங்கிலத்தில் 150 பக்கம் வாசிப்பவளுக்குத் தமிழில் வாசிக்கும் வேகம் அவ்வளவு இருக்காது. வேகத்துக்கு ஏற்ற தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தால் கதை சின்னப் பிள்ளைக்கானதாக இருக்கும், அவமானமாகப் போய்விடும். இதற்கு நான் சொல்வது, அவள் விரும்பும் மர்மக்கதை வகையில் தமிழ்ப் புத்தகம் ஒன்றை எடுத்து முதல் இரண்டு அத்தியாயத்தை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். காதால் கேட்டு விளங்கும் சக்தி இந்த வயதில் பெரும்பாலும் வாசிப்பைவிட முன்னால் போகும். விறுவிறுப்பான இடத்தில் "எனக்கு வேலை இருக்கு" என்று எழும்பிவிடுங்கள். கொஞ்சம் கள்ளத்தனம்தான்.

11. எங்கட பிள்ளைகள் மாதிரி ஆருமே கதையில வாறதில்லையே டீச்சர். எல்லாம் சென்னையும் மதுரையும். (மூதூரில் இருந்து வரும் ஒரு உம்மா கேட்டது)

சரியான குறை, அவருக்கு அது இரண்டு மடங்கு. எங்களுக்குக் கிடைக்கும் தமிழ்ச் சிறுவர் நூல்களில் கூடுதலானவை தமிழ்நாட்டில் வருபவை, அதிலும் முஸ்லிம் பிள்ளை முக்கிய ஆளாக வருவது குறைவு. வந்தாலும் பெருநாளைக்குப் பிரியாணி கொண்டுவரும் நண்பனாகத்தான் பல இடத்தில் வருகிறது. ஏழாம் கேள்வியில் சொன்ன இலக்கத்தைப் பார்த்து இலங்கைப் பதிப்புகளைத் தேடுங்கள், ரூம் டு ரீட் நிறுவனம் எங்கள் நாட்டில் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட்டவை சிறு வகுப்புகளுக்கானவை என்றாலும் வீடும் முற்றமும் எங்களுடையவை மாதிரி இருக்கும். புத்தகத்தை எடுத்தால் முதல் சில பக்கங்களில் என்னென்ன பெயர்கள் வருகின்றன, பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தாலே ஓரளவு விளங்கிவிடும்.

அதுவரைக்கும் இடைவெளியை வீட்டில் நிரப்பலாம். கிண்ணியாப் பாலம் வருமுன் படகுப் பாதையில் போய்வந்த கதை வாப்பாமாரிடம் கட்டாயம் இருக்கும். அதைச் சொல்லச் சொல்லிப் பிள்ளையை எழுத வைத்து, படம் கீறி, நடுவில் தைத்து அலுமாரியில் வைத்தால் மற்றப் பிள்ளைகளும் எடுப்பார்கள். எங்கள் அலுமாரியில் அப்படி வந்தவை அடிக்கடி வெளியே போகும்.

12. இராவணன் வெட்டைக் காட்டி இராவணன் பெரிய பக்தன் எண்டு நாங்கள் சொல்லுறம், இராமாயணப் புத்தகத்தில அவன் அரக்கன். பிள்ளை எது சரி எண்டு கேக்குது.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளைத் தவிர வேறு யாருக்கும் இவ்வளவு சின்ன வயதில் இந்தக் கேள்வி வராது என்று நினைக்கிறேன். கோணேசர் கோயிலுக்குப் போனால் இராவணன் வாளால் வெட்டியது என்று சொல்லும் பாறைப் பிளவு, அதுதான் இராவணன் வெட்டு, கன்னியாவுக்குப் போனால் ஏழு வெந்நீர்க் கிணறும் தாயின் கிரியைக்காக இராவணன் உண்டாக்கியது என்ற கதை. பிறகு புத்தகத்தைத் திறந்தால் பத்துத் தலையும் கோரைப்பல்லும். பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்?

குழம்பட்டும், தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதீர்கள். ஒரே ஆளைப் பற்றி இரண்டு இடத்தில் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள் என்று சொல்லி, "புத்தகம் ஆற்ற பக்கத்தில நிண்டு கதை சொல்லுது?" என்று கேட்டுப் பாருங்கள். இந்த வயதில் பிள்ளை கற்றுக்கொள்ளக்கூடிய மிக நல்ல வாசிப்புப் பழக்கம் இதுதான் என்பது என் எண்ணம். பழைய கதைகளில் கறுப்பாக இருப்பவன் கெட்டவன், சித்தி என்றால் கொடுமைக்காரி, பொம்பிளைப் பிள்ளை அழுதுகொண்டு காத்திருப்பாள் என்று வரும்போதும் இதே கேள்வி உதவும். அந்தப் புத்தகத்தை ஒளித்து வைக்கத் தேவையில்லை. ஆனால் வீட்டில் இருப்பதெல்லாம் அப்படியான புத்தகமாகவே இருக்கவும் கூடாது.

13. சண்டை, சுனாமி, சாவு எல்லாம் வாற கதையைக் குடுக்கலாமா? பயப்பிடாதா?

எங்கள் வீடுகளில் இதைப் பற்றிப் பெரியவர்கள் கதைப்பதைப் பிள்ளைகள் ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள். சாமியறையில் மாலை போட்ட படம் யாருடையது, ஏன் சுனாமி நாளான டிசம்பர் 26 வந்தால் அம்மம்மா கதைக்காமல் இருக்கிறா என்று அவர்களுக்கு அரைகுறையாகத் தெரியும். அரைகுறையாகத் தெரிவதுதான் கூடப் பயம். ஆகவே கொடுக்கலாம், ஆனால் முழுவதையும் முதலில் நீங்கள் வாசித்துவிட்டு. கதையில் இழப்பு வரலாம், இழந்த பிள்ளைக்குப் பக்கத்தில் நம்பக்கூடிய ஒரு ஆளாவது இருக்க வேண்டும். பிணங்களை வர்ணிக்கும், பழி வாங்கச் சொல்லும் புத்தகம் இந்த வயதுக்கு வேண்டாம்.

நான் கொடுப்பது டோட்டோ-சான், ஜப்பானில் தெட்சுகோ குரோயனகி தன் சிறுவயதைப் பற்றி எழுதியது, தமிழில் இருக்கிறது. ரயில் பெட்டிகளை வகுப்பறையாக்கிய ஒரு பள்ளிக்கூடம், குறும்புக்காரி ஒருத்தி, சிரித்துச் சிரித்து வாசிப்பார்கள். கடைசியில் போர் வருகிறது, குண்டுவீச்சில் பள்ளிக்கூடம் எரிகிறது, எரிவதைப் பார்த்துக்கொண்டே தலைமையாசிரியர் அடுத்த பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்கிறார். தரம் 6 பிள்ளைகள் தாங்குகிறார்கள். வீட்டில் அண்மையில் சாவு நடந்திருந்தால் மட்டும் கொஞ்ச காலம் தள்ளிப்போடுங்கள், அல்லது பக்கத்தில் இருந்து சேர்ந்து வாசியுங்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்றும் சொல்லவேண்டும், கேட்கக் கூச்சப்பட்டு யாரும் கேட்பதில்லை. உடம்பைத் தவறாகத் தொடுவது பற்றிப் பிள்ளையிடம் எப்படிக் கதைப்பது என்று தெரியாதவர்கள் யெஸ். பாலபாரதியின் மரப்பாச்சி சொன்ன ரகசியத்தை வாங்கிக் கொடுங்கள். இந்தியாவின் சாகித்திய அகாதமி சிறுவர் நூலுக்குக் கொடுக்கும் பால சாகித்திய புரஸ்கார் விருதை 2020க்குப் பெற்றது, பயமுறுத்தாமல் சொல்கிறது. ஆண்பிள்ளைக்கும் கொடுங்கள்.

14. படம் பாத்திட்டுப் பொன்னியின் செல்வன் கேக்கிறான், 11 வயசு. குடுக்கவா?

ஐந்து பாகம் என்று முதலே சொல்லிவிட்டுக் கொடுங்கள். இரண்டாம் கேள்வியின் விரல் கணக்கில் அது தோற்றுப்போகும், ஆனாலும் கதை தெரிந்த பிள்ளைக்கு அந்தக் கணக்கு அவ்வளவு பொருந்தாது, விளங்காத சொல்லைத் தாண்டி ஓடிவிடுவான். முதல் பாகத்தை மட்டும் நூலகத்தில் எடுங்கள். நடுவில் விட்டால் விடட்டும், 14 வயதில் திரும்ப எடுப்பான். "தொடங்கினா முடிக்க வேணும்" என்ற சட்டம் சோற்றுக்குச் சரி, புத்தகத்துக்குச் சரிவராது.

15. வாசிக்கேக்க வரி மாறிப்போகுது, எழுத்து மாறிப்போகுது. சுகமான புத்தகம் தந்தா சரியாகுமா?

முதலில் கண்ணைக் காட்டுங்கள். கண் சரியென்றால் வகுப்பாசிரியரிடம் கதையுங்கள், கற்றல் இடர்ப்பாடு இருந்தால் அதைப் புத்தகத் தெரிவால் மாற்ற முடியாது, சோம்பேறி என்று ஏசியும் மாற்ற முடியாது. அந்த வேலை நடக்கும்போது பெரிய எழுத்துப் புத்தகமாக, வரிக்குக் கீழே அடிமட்டம் வைத்து, நீங்களும் பிள்ளையும் மாறி மாறி ஒரு வரி வாசிக்கலாம். மனப்பாடமாகத் தெரிந்த பாட்டைப் பார்த்து வாசிப்பதும் நல்லது, சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டு பல பிள்ளைகளுக்குத் தெரியும், தெரிந்த வரியைக் கண் தேடிப் பிடிக்கும்போது நம்பிக்கை வரும். கூட இருக்கும் தம்பி தங்கையோடு மட்டும் ஒப்பிடாதீர்கள்.

16. நான் குவைத்தில. மகன் அம்மம்மாவோட, அவவுக்குக் கண் தெரியாது. நான் இங்க இருந்து என்ன செய்யலாம்?

இந்தக் கேள்வி வாசலில் வருவதில்லை, ஃபோனில் வரும். அனுப்பும் பொருட்களோடு புத்தகமும் அனுப்புங்கள் என்று சொல்லமாட்டேன், அங்கே தமிழ்ப் புத்தகம் கிடைப்பதே கஷ்டம். மகன் நூலகத்தில் எடுக்கும் புத்தகத்தின் பக்கங்களை வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், ஒரு அத்தியாயத்தை நீங்கள் வாசித்துக் குரல்பதிவாக அனுப்புங்கள். மறுநாள் அடுத்த அத்தியாயத்தை அவன் வாசித்து அனுப்பட்டும், அம்மம்மாவும் கேட்டுக்கொண்டிருப்பா. பிழை திருத்தாதீர்கள், "பிறகு என்ன நடந்தது?" என்று மட்டும் கேளுங்கள். இதற்கு அத்தியாயம் ஏழெட்டுப் பக்கத்துக்கு மேல் போகாத புத்தகமாக எடுத்தால்தான் வேலை முடிந்து வந்த களைப்போடு உங்களால் வாசிக்க முடியும், எடுக்குமுன் என்னிடம் சொன்னால் அப்படியானவற்றை ஒதுக்கி வைப்பேன்.